ஒத்திசையா உள்ளீடு வெளியீட்டில் காத்திருத்தல்

கணிப்பொறியின் செயலகம் விநாடிக்குக் கோடிக்கணக்கான கட்டளைகளை நிறைவேற்ற, தட்டும் வலையிணைப்பும் அதற்கு ஈடுகொடுக்க இயலாமல் பின்தங்குவதால், கேட்ட தரவு வந்து சேரும்வரை நிரல் என்ன செய்வது என்பதே இங்கு எழும் பிரச்சினை. தாமிரபரணிப் பாசனத்தை அறிந்தவர்க்கு இது புதிதன்று. கார் சாகுபடிக்குப் பாபநாசம் அணையைத் திறந்தபின், பாளையங்கால்வாய் மடையருகே இரவெல்லாம் விழித்திருப்பவர் ஒருவர். 'மடைக்குத் தண்ணி வந்ததும் சத்தங் கொடும்வே' என்று சொல்லிவிட்டு வேறு காரியம் பார்ப்பவர் இன்னொருவர். பாய்ச்சும் பொறுப்பையே பிறரிடம் ஒப்படைத்து, 'வயல் பாய்ஞ்சாச்சு' என்ற சொல்லை மட்டும் எதிர்பார்ப்பவர் மூன்றாமவர்.

ஆதி யந்திரங்கள் முதலாமவரைப் போன்றவை. ஆனால் விசித்திரம் என்னவெனில், இரண்டாமவர் செல்வாக்குப் பெறுமுன்பே மூன்றாமவர் வந்துவிட்டார். 1964-இல் ஐ.பி.எம். அறிவித்த சிஸ்டம் 360 வரிசையில், தரவைக் கொண்டுவரும் வேலை 'சேனல்' என்னும் தனி உறுப்பினுடையது. அது முடிந்ததும் குறுக்கீடு எழ, இயக்குதளம் நான்கு பைட் அளவுள்ள ஒரு சம்பவக் குறிப்பில் 'முடிந்தது' எனப் பதிய, 'வெயிட்' கட்டளையில் உறங்கிய நிரல் விழித்தெழும். 1973-இல் சென்னை ஐ.ஐ.டி.யில் நிறுவப்பட்ட 370/155 இக்குடும்பத்தைச் சேர்ந்ததே.

யூனிக்ஸ் உலகம் வேறு வழி சென்றது. 1983-இல் 4.2 பி.எஸ்.டி.யில் வந்த 'செலக்ட்', பல இணைப்புகளில் எது தயார் என்று மட்டும் சொல்லிற்று. ஒவ்வொரு முறையும் ஜாபிதா முழுவதையும் துழாவும் அதன் சிரமத்தை, லினக்ஸின் 'ஈபோல்' 2002-இல் நீக்கியது. எனினும் தட்டிலுள்ள கோப்பு இதற்குள் அடங்கவில்லை. 'செலக்ட்' அதனை எப்போதும் தயார் என்றே கூறும். குளத்தில் தண்ணீர் கிடக்கிறது என்பதனால் வயல் நனைந்துவிடுமா?

லினக்ஸ் 2.5-இன் ஒத்திசையா வசதியை 2003-இல் ஒட்டாவா லினக்ஸ் மாநாட்டில் விளக்கிய கட்டுரையின் முதலாசிரியர், பெங்களூர் ஐ.பி.எம்.மில் பணியாற்றிய சுபர்ணா பட்டாச்சார்யா. நினைவகத்திலுள்ள இடைத்தேக்கத்தின் வழியாகக் கோப்பை வாசிக்கும்போதும் நிரல் தடைபடாதிருக்க அவர் குழுவினர் வகுத்த முறை லினக்ஸின் கருவாகிய மூலக் கர்னலில் முழுமையாக இடம்பெறாமற் போனது ஒரு நஷ்டமே. இடைத்தேக்கத்தைத் தவிர்த்து நேரே தட்டை அணுகிய தரவுத்தள நிரல்களுக்கே அவ்வசதி பெரிதும் உதவியது.

2019 மே மாதத்தில் லினக்ஸ் 5.1-இல் ஜென்ஸ் ஆக்ஸ்போவின் 'ஐஓ யூரிங்' சேர்ந்தது. நிரலும் கர்னலும் பொதுவில் காணும் இரு வளையங்களில், ஒன்று விண்ணப்பத்துக்கு, மற்றது முடிவுக்கு. சம்பவக் குறிப்பின் மறுபிறவி என்றே இதைக் கொள்ளலாம். விண்டோஸ் என்.டி.யோ, முடிந்தபின் சொல்லும் இவ்வழியை 3.5 பதிப்பில், 1994-லேயே கைக்கொண்டிருந்தது.