கேமிங் ஹெட்போன் வாங்கப் போறீங்களா? லைட்டும் ‘7.1’-உம் இருக்கட்டும்... முதல்ல இதைப் பாருங்க!

பிஜிஎம்ஐ மாதிரியான கேமில் எதிரி பின்னாடி வருவது கண்ணுக்குத் தெரியாது, காதுக்குத்தான் தெரியும். காலடிச் சத்தம் இடப்பக்கமா வலப்பக்கமா, கிட்டவா தூரத்திலா என்பதை அரை நொடியில் சொல்ல வேண்டியது ஹெட்போனின் வேலை. ஆனால் ஆன்லைனில் தேடினால் சில நூறு ரூபாய் முதல் 30,000 ரூபாய்க்கு மேலும் வரிசை கட்டி நிற்கின்றன. எல்லாப் பெட்டியிலும் கிட்டத்தட்ட ஒரே வாசகங்கள். கையில் இருக்கும் காசுக்கு எதைப் பார்த்து வாங்குவது?

‘கேமிங்’ என்ற பெயரில் என்ன இருக்கு?

கேமிங் ஹெட்செட் என்பது பெரும்பாலும் ஒரு ஸ்டீரியோ ஹெட்போனும் ஒரு மைக்கும் சேர்ந்ததுதான். கேமர்கள் கொண்டாடிய ஹைப்பர்எக்ஸ் க்ளவுட் ஹெட்செட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 2014-ல் வந்த இது, பாட்டு கேட்பதற்காக டாக்ஸ்டார் என்ற சீன நிறுவனம் தயாரித்த புரோ 80 ஹெட்போனை அடிப்படையாகக் கொண்டது. நல்ல ஹெட்போன், நல்ல குஷன், கூடவே ஒரு மைக். அவ்வளவுதான்.

விலை குறைந்த ஹெட்செட்டில் ஆர்ஜிபி லைட் எரிகிறது என்றால், அந்தச் செலவை வேறு எங்கேயோ குறைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். பெரும்பாலும் அது ஸ்பீக்கரிலும் குஷனிலும்தான் இருக்கும். தலையில் மாட்டிய பிறகு அந்த லைட் உங்க கண்ணுக்கே தெரியப் போவதில்லை! எனவே அதே விலையில் கிடைக்கும் சாதாரண ஓவர்-இயர் ஹெட்போனையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். பேச வேண்டுமென்றால் ஒரு காலர் மைக் தனியாக வாங்கிக்கொள்ளலாம்.

7.1 சரவுண்ட் உண்மையா?

பெட்டியில் ‘7.1’ என்று போட்டிருந்தால் உள்ளே எட்டு ஸ்பீக்கர்கள் இருக்கும் என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலானவற்றில் காதுக்கு ஒன்று என இரண்டுதான் இருக்கும். மீதியெல்லாம் சாஃப்ட்வேர் வேலை.

உண்மையில் திசை தெரிய இரண்டு ஸ்பீக்கரே போதும். இடப்பக்கம் வரும் சத்தம் இடது காதுக்குக் கொஞ்சம் முன்னதாகவும் கொஞ்சம் பலமாகவும் கேட்கும். இந்தச் சின்ன வித்தியாசத்தையும், காது மடலில் பட்டு சத்தம் மாறும் விதத்தையும் வைத்து மூளை திசையைக் கணக்குப் போடுகிறது. அதே கணக்கை சாஃப்ட்வேரும் செய்ய முடியும். விண்டோஸில் ‘விண்டோஸ் சோனிக்’ இலவசமாகவே இருக்கிறது. பிஎஸ்5-ன் 3டி ஆடியோ எந்த ஸ்டீரியோ ஹெட்போனிலும் வேலை செய்யும். வாலரன்ட் கேமில் எச்ஆர்டிஎஃப் என்ற பெயரில் இந்த வசதி 2021-லேயே வந்துவிட்டது. ஆக, சும்மா கிடைப்பதற்குக் கூடுதல் காசு கொடுக்கத் தேவையில்லை.

ஒரு விஷயம்: கேமில் இந்த வசதி ஆன் ஆகியிருந்தால் ஹெட்செட்டின் 7.1-ஐ ஆஃப் பண்ணிடுங்க. இரண்டும் சேர்ந்தால் திசை குழம்பிப் போகும்.

பெட்டியில் உள்ள எண்கள்

20 முதல் 20,000 ஹெர்ட்ஸ்: மனிதக் காது கேட்கும் எல்லையே இதுதான். ஏறக்குறைய எல்லாப் பெட்டியிலும் இது இருக்கும். இதை வைத்துத் தரத்தைச் சொல்ல முடியாது.

40 மி.மீ., 50 மி.மீ. டிரைவர்: பெரிய டிரைவர் என்றால் நல்ல சத்தம் என்று பொருள் இல்லை. எப்படி டியூன் செய்திருக்கிறார்கள் என்பதே முக்கியம். பேஸ் அதிகமாக இருந்தால் குண்டு வெடிக்கும்போது கெத்தாக இருக்கும். ஆனால் காலடிச் சத்தம் அதில் அமுங்கிவிடும்.

ஓம்: இதைக் கட்டாயம் பாருங்கள். 16 முதல் 32 ஓம் வரை என்றால் போன், கன்ட்ரோலர், லேப்டாப் எதிலும் பொதுவாகச் சத்தம் போதுமான அளவு வரும். 250 ஓம் போன்ற ஸ்டூடியோ ஹெட்போன்களுக்குத் தனியாக ஆம்ப்ளிஃபையர் வேண்டியிருக்கும். ஒரே மாடல் 32, 80, 250 ஓம் என மூன்று வகையில் வருவதும் உண்டு. கவனித்து ஆர்டர் போடுங்கள்.

எடை: 300 கிராமுக்குள் இருந்தால் நல்லது. கண்ணாடி போடுபவர்கள், காதுப்பகுதி இறுக்கிப் பிடிக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

வயரா, வயர்லெஸ்ஸா?

பட்ஜெட் குறைவு என்றால் வயர்தான். ப்ளூடூத்தில் சத்தம் 100 முதல் 200 மில்லி விநாடி வரை, சில நேரம் அதற்கு மேலும் தாமதமாக வரும். படம் பார்க்க இது பரவாயில்லை, துப்பாக்கிச் சண்டைக்கு ஆகாது. இன்னொரு சிக்கலும் உண்டு. பல ப்ளூடூத் ஹெட்போன்களில் மைக்கை ஆன் செய்ததும் கேம் சத்தமே போன் கால் மாதிரி மாறிவிடும்.

வயர்லெஸ்தான் வேண்டும் என்றால், யுஎஸ்பி டாங்கிளுடன் வரும் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் மாடலைத் தேர்ந்தெடுங்கள். தாமதம் மிகவும் குறைவு. ஆனால் உள்ளிருக்கும் பேட்டரி சில வருடங்களில் தளரும். வயர் ஹெட்போனில் கேபிளையும் குஷனையும் கழற்றி மாற்ற முடிந்தால், அது நீண்ட நாள் உழைக்கும். ‘மதிப்புள்ள’ பொருள் என்பதற்கு இதைவிட நல்ல அடையாளம் இல்லை.

உங்க சாதனத்தில் வேலை செய்யுமா?

பிஎஸ்5, எக்ஸ்பாக்ஸ் இரண்டிலும் சாதாரண ப்ளூடூத் ஹெட்போனை நேரடியாக இணைக்க முடியாது. ஆனால் கன்ட்ரோலரில் 3.5 மி.மீ. ஜாக் இருப்பதால் வயர் ஹெட்செட் சிக்கல் இல்லை. டெஸ்க்டாப் கம்ப்யூட்டரில் மைக்குக்கும் ஹெட்போனுக்கும் தனித்தனி ஓட்டை இருந்தால் ஒரு ஸ்ப்ளிட்டர் வேண்டும். ஜாக் இல்லாத போனுக்கு டிஏசி உள்ள டைப்-சி கன்வெர்ட்டர் வாங்குங்கள். அது இல்லாதவை சில போன்களில் வேலை செய்யாது.

நம்ம ஊர் வெயிலுக்கு எது?

ரெக்சின் போன்ற குஷன் வெளிச்சத்தத்தை நன்றாகத் தடுக்கும், ஆனால் வேர்க்கும். நாளடைவில் உரியவும் செய்யும். துணிக் குஷன் காற்றோட்டமாக இருக்கும். பின்பக்கம் திறந்த ‘ஓபன் பேக்’ வகையில் சத்தம் விசாலமாகக் கேட்கும், காதும் சூடாகாது. ஆனால் ஃபேன் சத்தம், டிவி சத்தம் எல்லாம் உள்ளே வரும். உங்க கேம் சத்தமும் வெளியே கேட்கும். தனி அறை இருந்தால் ஓபன் பேக், ஹாலில் உட்கார்ந்து ஆடுபவர்களுக்கு ‘க்ளோஸ்டு பேக்’.

காசைவிட முக்கியம் காது

காலடிச் சத்தம் கேட்க வேண்டும் என்பதற்காகப் பலர் வால்யூமை முழுசாக வைக்கிறார்கள். அடுத்த நொடியே பக்கத்தில் துப்பாக்கி வெடிக்கும்! உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 80 டெசிபல் சத்தத்தை வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம். 90 டெசிபல் என்றால் வாரத்துக்கு வெறும் 4 மணி நேரம்தான். 10 டெசிபல் கூடினால் நேரம் பத்தில் ஒரு பங்காகிறது. குழந்தைகளுக்கு 75 டெசிபல்தான் வரம்பு.

வால்யூமை 60 சதவீதத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள். பல விண்டோஸ் கம்ப்யூட்டர்களில் ‘லவுட்னஸ் ஈக்வலைசேஷன்’ என்ற வசதி உண்டு. அது சின்னச் சத்தத்தைக் கூட்டி, பெரிய சத்தத்தை அடக்கும். வால்யூமைக் கூட்டாமலேயே காலடி கேட்கும். பிள்ளைகளுக்கு வாங்கினால், சத்தத்துக்கு வரம்பு வைக்கும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். ஆடி முடித்த பிறகு காதில் ‘கீய்ய்’ என்ற சத்தம் அடிக்கடி வந்தால், காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போட வேண்டாம். கேட்கும் திறனுக்குக் காரணமான உள்காது செல்கள் ஒருமுறை அழிந்தால் மீண்டும் முளைக்காது.

வாங்கிய கையோடு செய்ய வேண்டியவை

* திருப்பி அனுப்பும் காலம் முடிவதற்குள், ஒரு மணி நேரம் தொடர்ந்து மாட்டிப் பாருங்கள். நெற்றியோ காதோ வலித்தால் திருப்பி அனுப்பிடுங்க.
* இடது, வலது சத்தம் சமமாக வருகிறதா என்று சோதியுங்கள்.
* கேமின் பயிற்சிப் பகுதியில் கண்ணை மூடிக்கொண்டு, சத்தம் எந்தப் பக்கம் என்று சொல்ல முடிகிறதா பாருங்கள்.
* மைக்கில் பேசிப் பதிவு செய்து கேளுங்கள்.
* வயர்லெஸ் ஹெட்போனுக்கு இந்தியாவில் பி.ஐ.எஸ். பதிவு கட்டாயம். அந்தப் பதிவு எண்ணை ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் சரிபார்க்கலாம்.
* பில்லைப் பத்திரமாக வையுங்கள். வாரண்டியில் இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம்.

சுருக்கமாகச் சொன்னால், குறைந்த பட்ஜெட்டில் லைட் இல்லாத, 32 ஓமுக்குள் உள்ள, குஷன் மாற்றக்கூடிய வயர் ஹெட்போன்தான் காசுக்கு ஏற்ற தேர்வு. ஹெட்போன் பழுதானால் வேறு வாங்கிக்கலாம். காதுக்கு ஸ்பேர் கிடையாது!