ஆடுகளமும் வெள்ளித்திரையும்



தென்னாட்டு மக்கள் தம்மை மறந்து ஆரவாரம் செய்யும் இடங்கள் இரண்டு. ஒன்று கிரிக்கெட் ஆடுகளம். மற்றொன்று திரைப்படக் கொட்டகை. இவ்விரண்டிலும் இளமை முதல் ஈடுபாடு கொண்டவன் நான். முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆசிரியனாகவும் தலைமை ஆசிரியனாகவும் பணியாற்றியவன், கேளிக்கைகளைப் பற்றிப் பேச வந்துவிட்டானே என்று எண்ண வேண்டா. இக்கேளிக்கைகளுக்கும் ஒரு வரலாறு உண்டு; அவ்வரலாற்றில் நாம் கற்கத்தக்க பாடமும் உண்டு.

நான் பள்ளியில் பயின்ற காலத்தில் எங்கள் சிற்றூர் இரு கட்சிகளாகப் பிரிந்து கிடந்தது. ஒரு கட்சியார் எம்.ஜி.ஆர். ரசிகர், மற்றக் கட்சியார் சிவாஜி கணேசன் ரசிகர். கூரைக் கொட்டகையில் மணல் குவித்து அமர்ந்து படம் பார்த்துவிட்டு, வழிநெடுக வாதிட்டுக்கொண்டே வீடு திரும்புவோம். ஒரு நாள் வாதம் முற்றியது. என் உயிர்த் தோழன் தன் அபிமான நடிகரின் படத்தை ஒட்டி வைத்திருந்த ஏட்டை நான் கிழித்து எறிந்தேன். அதன்பின் ஓராண்டுக் காலம் நாங்கள் இருவரும் பேசவில்லை. அவ்விரு நடிகரும் 1954ஆம் ஆண்டிலேயே 'கூண்டுக்கிளி' என்னும் படத்தில் ஒன்றாக நடித்தவர்கள் என்பதைப் பிற்காலத்தில்தான் அறிந்தேன். திரையில் அவர்கள் இணைந்து நின்றிருக்க, தெருவில் நாங்கள் பகைத்து நின்றோம். இதனை எண்ணினால் இன்றும் நாணம் உண்டாகிறது.

அப்பகையைத் தீர்த்து வைத்தது ஒரு வானொலிப் பெட்டி. 1975ஆம் ஆண்டு, பொங்கலை ஒட்டிச் சென்னை சேப்பாக்கத்தில் மேற்கிந்தியத் தீவினருடன் டெஸ்ட் போட்டி நடைபெற்றது. எங்கள் ஊர்த் தேநீர்க் கடையில் வானொலி முழங்கியது. ஆங்கில வருணனை எங்களுக்குப் பாதிதான் விளங்கும். மீதியை உடற்பயிற்சி ஆசிரியர் தமிழில் எடுத்துரைப்பார். ஆண்டி ராபர்ட்ஸின் வேகப் பந்துகளுக்கு நம்மவர் ஒருவர்பின் ஒருவராக வீழ்ந்தனர். அவர் ஒருவரே ஏழு விக்கெட்டுகளைச் சாய்த்தார். குண்டப்பா விசுவநாத் மட்டும் ஒருபுறம் நிலைத்து நின்று ஆடினார். கடைசி ஆட்டக்காரரான சந்திரசேகர் வீழ்ந்தபோது விசுவநாத்தின் கணக்கில் இருந்தவை 97 ஓட்டங்கள். நூறுக்கு மூன்றே குறைவு! அணியின் மொத்தம் 190. கடையில் இருந்தோர் அனைவரும் ஒரே நேரத்தில் பெருமூச்செறிந்தனர். திரும்பிப் பார்த்தேன், என் அருகில் அமர்ந்திருந்தவன் அத்தோழன். "மூணு ரன்தான்டா!" என்றான். ஓராண்டுக்குப் பின் அவன் என்னிடம் பேசிய முதற்சொல் அதுவே. அப்போட்டியில் இந்தியா நூறு ஓட்டங்கள் வேறுபாட்டில் வென்றது.

விசுவநாத் பிற்காலத்தில் அடித்த சதங்கள் பல. ஆயினும் நிறைவுறாத அந்த 97ஐயே அன்பர்கள் பெரிதும் போற்றுவர். எண்ணிக்கையைக் காட்டிலும் அது எய்தப்பட்ட முறையை மதிக்கும் இயல்பே சுவைஞனுக்கு அழகு. 1980ஆம் ஆண்டில் பம்பாயில் இங்கிலாந்துடன் நடந்த போட்டியில் அவரே தலைவர். இங்கிலாந்தின் பாப் டெய்லர் ஆட்டமிழந்தார் என நடுவர் தீர்ப்பளித்தார். பந்து மட்டையில் படவில்லை என்று உணர்ந்த விசுவநாத், அவரைத் திரும்ப அழைத்து ஆடச் செய்தார். டெய்லரும் போத்தமும் இணைந்து ஆட்டத்தின் போக்கை மாற்றினர், இந்தியா தோற்றது. அத்தோல்வியை நாம் மறந்தாலும் அச்செயலை மறக்கவில்லை.

வீரரைப் போலவே ரசிகரும் உயரக்கூடும் என்பதற்குச் சேப்பாக்கமே சான்று. 1999ஆம் ஆண்டு சனவரியில் பாகிஸ்தானுக்கு எதிரான போட்டியில் இந்தியாவுக்கு வேண்டியிருந்தவை 271 ஓட்டங்கள். முதுகு வலியைப் பொறுத்துக்கொண்டு சச்சின் டெண்டுல்கர் 136 ஓட்டங்கள் எடுத்தார். இன்னும் 17 ஓட்டங்களே தேவை என்ற நிலையில் அவர் வீழ, எஞ்சியோரும் விரைவில் வீழ்ந்தனர். பன்னிரண்டு ஓட்டங்களில் வெற்றி கைநழுவியது. அரங்கில் சிறிது நேரம் அமைதி நிலவியது. பின்னர், மைதானத்தை வலம் வந்த பாகிஸ்தான் அணியினருக்கு மக்கள் எழுந்து நின்று கைதட்டினர். தம் உள்ளம் உடைந்த வேளையிலும் பிறர் திறனைக் கண்டு மகிழ்ந்த அக்கூட்டமே ரசிகர் என்னும் சொல்லுக்கு உரிய கூட்டம்.

திரையுலகின் வரலாறோ வேறொரு படிப்பினையைத் தருகிறது. எம்.கே. தியாகராஜ பாகவதர் நடித்த 'ஹரிதாஸ்' 1944ஆம் ஆண்டு தீபாவளிக்கு வெளிவந்து, சென்னை பிராட்வே கொட்டகையில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. அப்படம் ஓடிக்கொண்டிருந்த காலத்திலேயே, கொலை வழக்கொன்றில் அவர் சிறைப்பட்டிருந்தார். 1947இல் குற்றமற்றவரென விடுதலை பெற்று அவர் மீண்டும் நடித்தபோது, பழைய வரவேற்பு இல்லை. 1959இல், ஐம்பது வயதும் நிரம்பாத நிலையில் அவர் மறைந்தார். குரல் அதே குரல்தான். கூட்டம்தான் வேறு பக்கம் திரும்பிவிட்டது. கொண்டாடுவதில் காட்டிய வேகத்தையே மறப்பதிலும் காட்டிய அன்பை அன்பென்று கூறலாமா?

இன்று இவ்விரு ஆரவாரங்களும் ஒன்றாகக் கலந்துவிட்டன. நடிகருக்கு ஏற்பட்ட 'தல' என்னும் பட்டம், ராஞ்சியில் பிறந்த கிரிக்கெட் வீரர் தோனிக்கும் சென்னையில் சூட்டப்பட்டது. இதில் பிழையொன்றும் இல்லை; ஊர் கடந்து திறனைப் போற்றுதல் நம் பண்பே. ஆனால் என் உள்ளத்தை வருத்தும் செய்திகளும் உள. 2024 டிசம்பரில் ஐதராபாத்தில் ஒரு படத்தின் சிறப்புக் காட்சியன்று நெரிசலில் ஒரு பெண்மணி உயிரிழந்தார். அவருடைய மகனாகிய சிறுவன் படுகாயமுற்றான். 2025 சூன் 4ஆம் நாள் பெங்களூரில், ஓர் அணியின் வெற்றி விழாவைக் காணச் சென்றவர்களில் பதினொருவர் கூட்ட நெரிசலில் மாண்டனர். பார்த்து மகிழச் சென்ற பிள்ளை வீடு திரும்பவில்லை என்றால், அக்கோப்பையால் அத்தாய்க்கு என்ன பயன்?

இதனை உணர்ந்த நடிகரும் உளர். அஜித்குமார் 2011ஆம் ஆண்டில் தம் ரசிகர் மன்றங்களைக் கலைத்தார். 2021இல் தம்மைப் பட்டப்பெயரால் அழைக்க வேண்டா எனக் கேட்டுக்கொண்டார். தலைவரே வேண்டா என்று சொன்ன பின்னும் நாம் தொண்டராக நிற்பது முறையாகுமா?

மாணவர்களே! ஆட்டத்தைப் பாருங்கள், படத்தையும் பாருங்கள். இந்த முதிய வயதிலும் நான் இரண்டையும் விடவில்லை. ஆனால், எதிரணியின் நல்ல பந்தைக் கண்டு கைதட்டவும், மற்ற நடிகரின் நல்ல நடிப்பைக் கண்டு கண்கலங்கவும் பழகுங்கள். நெரிசல் மிகுந்த வாயிலைக் கண்டால் திரும்பி வந்துவிடுங்கள். வானொலி வீட்டிலேயே இருக்கிறது. நான் கிழித்த ஏட்டை மீண்டும் ஒட்டித் தர என்னால் இயலவில்லை. என் தோழன் பெருந்தன்மையாளன்; அதைப் பற்றி இன்றுவரை ஒரு சொல்லும் சொன்னதில்லை. பொங்கல்தோறும் தொலைபேசியில் அழைத்து, "மூணு ரன்தான்டா!" என்று மட்டும் சொல்லிச் சிரிப்பான்.