துறைமுகத்தில் இறங்கி ஊர் சுற்றிய கதை



கெப்பாலா பத்தாஸில் பஸ் ஏறி, பட்டர்வொர்த்தில் இறங்கி, ஃபெரியில் கடலைத் தாண்டிப் பினாங்குப் பட்டணத்துக்குப் போகிறவர்கள் சில நாள்களில் ஒரு காட்சியைக் கண்டிருப்பீர்கள். ஃபெரி கரையை நெருங்கும்போது வலப்பக்கமாக ஸ்வெட்டன்ஹம் துறையில், அடுக்குமாடி வீட்டைப் படுக்க வைத்தாற்போல ஒரு வெள்ளைக் கப்பல் நின்றுகொண்டிருக்கும். உல்லாசப் பயணக் கப்பல் அது. காலையில் வந்த கப்பல் பெரும்பாலும் மாலையிலேயே புறப்பட்டுவிடும். அதில் வந்தவர்கள் அந்தச் சில மணி நேரத்துக்குள் ஊரைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும்.

இப்படிப்பட்ட அவசரக்காரர்களுக்கென்றே உலகத் துறைமுக நகரங்கள் பலவற்றில் ஒரு வகை பஸ் ஓடுகிறது. மேல்தட்டு திறந்திருக்கும் இரட்டைத் தட்டு பஸ். ஒரே ஒரு சீட்டு வாங்கினால் போதும். பார்க்க வேண்டிய இடங்களைச் சுற்றி அந்த பஸ் வட்டமடித்துக்கொண்டே இருக்கும். பிடித்த இடத்தில் இறங்கலாம், பார்க்கலாம், அடுத்து வரும் பஸ்ஸில் அதே சீட்டைக் காட்டி ஏறிக்கொள்ளலாம். பினாங்கிலும் 2010-களில் இப்படிப்பட்ட பஸ்கள் ஓடத் தொடங்கின. நகரத்துக்கு ஒரு சுற்று, பத்து பெரிங்கி கடற்கரைப் பக்கம் இன்னொரு சுற்று என்று இரண்டு வழிகள் அமைத்தார்கள்.

கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் இதில் ஒரு கணக்கு உண்டு. காலை 8 மணிக்கு வந்து மாலை 5 மணிக்குப் புறப்படும் கப்பல் என்று வைத்துக்கொள்வோம். வரிசையில் நின்று இறங்குவதற்கு ஒரு மணி நேரம். புறப்படுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே ஏறிவிட வேண்டும். மிச்சம் ஏழு மணி நேரம். பஸ் அரை மணிக்கு ஒன்று என்றால், நான்கு இடங்களில் இறங்குகிறவருக்குக் காத்திருப்பிலேயே இரண்டு மணி நேரம் வரை போய்விடும். ஆகவே விவரம் தெரிந்தவர்கள் தொலைவான இடத்தை முதலில் பார்த்துவிட்டு, துறைமுகத்துக்குப் பக்கத்து இடங்களைக் கடைசிக்கு வைத்துக்கொள்வார்கள். பஸ் தவறினாலும் நடந்தே கப்பலுக்குப் போய்ச் சேரலாம் அல்லவா! தானாகச் சுற்றப் போனவருக்காகக் கப்பல் காத்திருக்காது.

இந்த அவசரம் இன்றைக்கு நேற்றைக்கு வந்ததன்று. 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்த பிறகு ஐரோப்பாவிலிருந்து சீனாவுக்குப் போகும் நீராவிக் கப்பல்கள் பினாங்கில் நின்று போவது வழக்கமாயிற்று. சரக்கை ஏற்றி இறக்கும் சில மணி நேரத்தில் வெள்ளைக்காரப் பயணிகள் கரைக்கு வந்து குதிரை வண்டியையோ ரிக்‌ஷாவையோ அமர்த்திக்கொள்வார்கள். எங்கே போவார்கள் தெரியுமா? பெரும்பாலும் நீர்வீழ்ச்சிக்கு. 1884-இல் அமைந்த தாவரப் பூங்கா அந்த அருவியின் அடிவாரத்தில்தான் இருக்கிறது. அருவியைப் பார்த்து, ஓட்டலில் உணவு உண்டு, கப்பலுக்குத் திரும்பினால் பினாங்கைப் பார்த்தாகிவிட்டது என்று பொருள்.

அவர்கள் நீர்வீழ்ச்சி என்ற இடத்தைத்தான் நாம் தண்ணீர்மலை என்கிறோம். தைப்பூசத்துக்குக் காவடி எடுத்துப் போகும் அதே தண்ணீர்மலை. செட்டித் தெய்வத்தின் வெள்ளி ரதம் 1894-ஆம் ஆண்டு முதல் அந்தச் சாலை வழியாகத்தான் போய் வருகிறது. வண்டியில் வந்த பயணி அருவியைப் பார்த்தார், நம்மவர் முருகனைப் பார்த்தார்.

குதிரை வண்டிக்குப் பிறகு டிராம் வந்தது. 1880-களில் நீராவியால் ஓடியது, 1906-இல் மின்சார டிராம் ஆயிற்று. துறைமுகத்துப் பக்கமிருந்து ஆயர் ஈத்தாம் வரை தண்டவாளம் போட்டிருந்தார்கள். 1923-இல் கொடிமலை ரயிலும் ஓடத் தொடங்கவே, கப்பல் பயணிகளுக்குப் பார்க்க இன்னும் ஓர் இடம் சேர்ந்தது. பிறகு மேலே மின்கம்பியைத் தொட்டுக்கொண்டு தண்டவாளம் இல்லாமல் ஓடும் டிராலி பஸ் 1925-இல் வந்தது. டிராம் 1936-இல் நின்றது, டிராலி பஸ் 1961-இல் நின்றது. அந்த டிராலி பஸ்களில் சில, லண்டன் நகரில் ஓடி ஓய்ந்து இங்கே வந்து சேர்ந்த இரட்டைத் தட்டு வண்டிகள். ஆக, மேல்தட்டில் உட்கார்ந்து பட்டணம் பார்ப்பது பினாங்குக்காரர்களுக்குப் புதுமையே இல்லை.

இதே கடல் வழியாக வேறொரு கூட்டமும் வந்தது. அந்தக் கூட்டம் நம்முடையது.

செபராங் பிறையை அப்போது வெல்லெஸ்லி மாநிலம் என்பார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே கரும்புத் தோட்டங்கள் பெருகின. அவற்றுக்கு ஆள் வேண்டும் என்று நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பல் ஏற்றினார்கள். சஞ்சிக்கூலி என்ற ஒப்பந்த முறை அது. வழிச்செலவு கடனாகப் பெயரில் ஏறும். ஒப்பந்தக் காலம் முடியும் முன் தோட்டத்தை விட்டுப் போனால் சட்டப்படி சிறை. 1910-இல் அந்த முறைக்கு ஆள் எடுப்பது நின்றது. அதற்கு முன்பே காப்பித் தோட்டங்களிலும், பின்னர் ரப்பர்த் தோட்டங்களிலும் வேர்விட்டிருந்த கங்காணி முறைதான் பிறகு பெருவழக்காக இருந்தது. 1938-இல் இந்திய அரசாங்கம் கூலிகளை உதவிப் பயணமாக அனுப்புவதைத் தடை செய்தது.

அந்தக் கப்பல்களில் நம் மக்கள் தளப் பயணிகள். கட்டில் கிடையாது, அறை கிடையாது, பாயை விரித்த இடமே வீடு. 1926-இல் கட்டப்பட்ட ரஜூலா என்ற கப்பலின் பெயரைக் கேள்விப்படாத பழைய தோட்டக் குடும்பம் இருக்காது. ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட தளப் பயணிகளை ஏற்றிக்கொள்ள அதற்கு அனுமதி இருந்ததாம்! இன்றைக்கு அந்த வெள்ளைக் கப்பலில் பல அறைகளுக்குச் சன்னல் வைத்திருக்கிறார்கள் என்பதை ஒரு கணம் நினைத்துப் பாருங்கள். ரஜூலா 1973 வரை ஓடியது. அதற்குப் பின்னும் சிதம்பரம் என்ற கப்பல் ஓடியது. 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பிடித்துப் பலர் இறந்தார்கள். அத்தோடு அந்தப் பயணக் கப்பல் வழி முடிவுக்கு வந்தது.

பினாங்கு வந்தவுடன் தளப் பயணிகள் பட்டணத்துக்குள் போய்விட முடியாது. அம்மை, காலரா பரவும் என்று அவர்களை முதலில் ஜெரெஜாக் தீவில் இறக்கினார்கள். அங்கே தொற்றுநோய்க் காவல் முகாம். குளிக்க வைத்து, துணிகளை மருந்து நீராவியில் போட்டு, நோய் இல்லை என்று தெரியும் வரை சில நாள் வைத்திருந்து, பிறகு தோட்டங்களுக்கு அனுப்பினார்கள். பட்டணத்தின் ஓரத்தில் வந்து இறங்கியும் பட்டணத்தைப் பார்க்காமலே பிறைக்கும் கெடாவுக்கும் பேராக்குக்கும் போய்ச் சேர்ந்தவர்கள் எத்தனையோ பேர். உல்லாசப் பயணி ஒரே நாளில் எட்டு முறை இறங்கி ஏறுகிறார். நம் முன்னோருக்கு ஒரு முறை இறங்குவதற்கே அத்தனை பாடு.

இதை நாம் ஏன் பஸ் கதையில் சொல்கிறோம்? ஊர்சுற்றும் பஸ்ஸில் ஒலிபெருக்கி பேசும். கார்ன்வாலிஸ் கோட்டையைச் சொல்லும், 1786-இல் வந்த பிரான்சிஸ் லைட்டைச் சொல்லும். துறைமுகத்தை ஒட்டி நிற்கும் மணிக்கூண்டைச் சொல்லும். விக்டோரியா அரசியின் அறுபதாண்டு ஆட்சிக்காகச் செல்வந்தர் சியா சென் இயோக் கொடுத்தது அது. ஆண்டுக்கு ஓர் அடி என்று அறுபதடி உயரம். இவை எல்லாம் கேட்க வேண்டிய செய்திகள்தாம். ஆனால் பஸ் உருளும் சாலையைப் பற்றி யார் பேசுகிறார்கள்? பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதி முதல் 1873 வரை இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதிகள் இந்த நகரத்தில் சாலை போட்டார்கள், சதுப்பைத் தூர்த்தார்கள், கல் சுமந்தார்கள். 1818-இல் எழும்பிய செயின்ட் ஜார்ஜ் தேவாலயத்தையும் கட்டியது அவர்கள் கைதான்.

ஆகவே பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஒரு விடுமுறை நாளில் நீங்களே ஒரு சுற்றுப் போய் வாருங்கள். சுற்றுலா பஸ் தேவையில்லை. ஊர் பஸ்ஸும் நம் கால்களும் போதும். 2008-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்ட பழைய நகரம் அப்படியொன்றும் பெரிதன்று. ஃபெரியை விட்டு இறங்கியதும் முதலில் கடைத்தெருப் பக்கம் போங்கள். குவீன் தெருவில் மகாமாரியம்மன் கோயில் இருக்கிறது. 1833-ஆம் ஆண்டுக் கோயில். துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்களும் படகு தள்ளியவர்களும் கும்பிட்ட இடம். அங்கிருந்து சற்று நடந்தால் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல். 1801-இல் தென்னிந்திய முஸ்லிம்களின் தலைவராக இருந்த காதர் முகைதீன் எழுப்பியது. சூலியா தெருவிலே நாகூர் தர்கா. நாகூரில் கப்பல் ஏறியவர்கள் இறங்கிய ஊரிலும் நாகூரார் பெயரால் ஒரு சின்னம் வைத்துக்கொண்டார்கள். அதே சூலியா தெரு பினாங்கு ரோட்டைத் தொடும் முனையில் பழைய டிராம் தண்டவாளத்தின் துண்டு ஒன்று தார்ச்சாலையில் தெரியும். பிள்ளைகளுக்கு அதைத்தான் ரொம்பப் பிடிக்கும்.

கொடிமலைக்கோ தண்ணீர்மலைக்கோ போவதாக இருந்தால் கப்பல்காரர் கணக்கையே வைத்துக்கொள்ளுங்கள். தொலைவை முதலில் பாருங்கள், கடைத்தெருவை மாலைக்கு விடுங்கள். தண்ணீர்மலைப் படிகள் ஐந்நூறுக்கும் மேல், வெயில் ஏறும் முன் ஏறிவிட்டால் பெரியவர்களுக்கும் சிரமம் குறையும். ஊருக்குத் திரும்பும் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதைப் பட்டர்வொர்த்தில் இறங்கும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். நமக்காகவும் பஸ் நிற்காது.

திரும்பும்போது ஃபெரியில் வராமல் 1985-இல் திறந்த பினாங்குப் பாலத்தின் வழியாகக் காரிலோ வேனிலோ வருகிறீர்கள் என்றால், பிள்ளைகளை வலப்பக்கச் சன்னலோரம் உட்கார வையுங்கள். பாலத்தில் ஏறிய சிறிது நேரத்தில், தெற்கே, தீவின் கரையை ஒட்டினாற்போல மரங்கள் அடர்ந்த ஒரு குன்று கடலில் நிற்கும். அதுதான் ஜெரெஜாக்.