பங்சாரின் வீட்டுச் சொற்கள்

வீட்டுச் சொற்கள் என்று இங்கே கொள்ளப்படுபவை, ஆங்கிலத்திலிருந்து புறப்பட்டுப் பல தேசங்களில் குடியேறி, ஒலி ஏறக்குறைய அப்படியே இருக்க, அர்த்தம் மட்டும் அந்தந்த ஊரின் மண்ணுக்கும் பணத்துக்கும் ஏற்ப மாறிப்போன குடியிருப்புப் பெயர்கள். இவற்றை ஆராய்வதற்குக் கோலாலம்பூரின் பங்சார் மிகப் பொருத்தமான ஸ்தலம். ஆதியில் ரப்பர்த் தோட்டமாக இருந்து, புங்கே, கிரிசார் என்னும் இரு ஐரோப்பியர் பெயர்களின் சேர்க்கையால் பங்சார் ஆயிற்று என்று சொல்லப்படும் இவ்வூருக்கு, லயமும் பங்களாவும் பிளாட்டும் டெரஸும் கொண்டோமினியமும் ஒரு நூற்றாண்டுக்குள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்ந்தன. குடியிருக்க வந்தவர்களோ தத்தம் ஊர் அர்த்தத்தையும் கையோடு கொண்டுவந்தார்கள்.

இச்சொற்களுள் மிகுந்த மயக்கத்துக்கு இடமளிப்பது டெரஸ். பங்சார் பார்க்கில் டெரஸ் வீடு என்றால், இரு பக்கச் சுவரையும் அண்டை வீட்டாரோடு பங்கிட்டுக்கொண்டு, ஒரே கூரையின் கீழ்த் தொடுத்து நிற்கும் வரிசை வீடு: முன்னே இரும்புக் கேட், கார் நிற்க ஒரு போர்ச், ஜன்னல்தோறும் கம்பிக் கிரில், பின்னே சாக்கடையை ஒட்டிய பின்சந்து. "இருபத்திரண்டுக்கு எழுபத்தைந்து" என்று அடிக்கணக்கைச் சொன்ன மாத்திரத்தில், மாடிப்படி எந்தப் பக்கம் ஏறும் என்பது வரையில் வீட்டுத் தரகருக்கு விளங்கிவிடும். தமிழ்நாட்டிலோ டெரஸ் என்பது வடாம் காய்வதும் கோடை இரவில் பாய் விரிப்பதுமான மொட்டை மாடி. டெரஸ் வீடு என்பது ஓட்டு வீட்டுக்கு எதிரிடையான, தளம் போட்ட வீடு. சென்னையிலிருந்து உத்தியோகத்துக்கு வந்த ஒருவர் டெரஸ் வீடு கிடைத்துவிட்டதென்று ஊருக்குத் தெரிவித்தால், மகன் மொட்டை மாடியில் காற்று வாங்குகிறான் என்று தாயார் அங்கே சந்தோஷப்பட்டுக்கொண்டிருக்க, மகனோ சரிந்த ஓட்டுக்கூரையின் கீழ், ஏறி நிற்க மொட்டை மாடியே இல்லாத வீட்டில் துணியைப் போர்ச்சில் உலர்த்திக்கொண்டிருப்பார். பங்சாரின் லக்கி கார்டனில் தோட்டம் தேடுவோர் கதியும் அதுவே. பூங்கா என்று பொருள்படும் மலாய்ச் சொல்லான தாமான், மலேசியாவில் வீடமைப்புப் பகுதியின் பெயராகிவிட்டபடியால், கார்டனும் அதன் வழியிலே சென்றது. மலேசியத் தமிழர் செவிக்கோ தோட்டம் என்றால் இன்றும் எஸ்டேட்தான்.

அந்த எஸ்டேட்டின் வரிசை வீடு லயம். லைன் என்ற ஆங்கிலச் சொல் தமிழ் வாயில் லயன் என்றும் லயம் என்றும் திரிந்தது. இலங்கை மலையகத்திலும் அதே பெயர். மேட்டில் துரையின் பங்களா, இடையில் கணக்கெழுதும் கிராணியின் வீடு, பள்ளத்தில் தொழிலாளர் லயம் என்று வகுக்கப்பட்டிருந்த அவ்வுலகில் பங்களா என்பது ஒரு கட்டட வகையன்று, ஓர் அந்தஸ்து. வங்காளத்தின் பெயரிலிருந்து பிறந்த அச்சொல்லுக்கு இங்கிலாந்தில் ஒரே தளமுள்ள அடக்கமான வீடு என்று அர்த்தமிருக்க, மலேசியாவில் அது எந்தச் சுவரையும் பிறரோடு பகிராத தனி வீட்டையே குறிப்பதால், மூன்று மாடிப் பங்களா என்று இங்கே தயங்காமல் சொல்வார்கள். ஆங்கிலேயர் கேட்டால் நகைப்பார். பங்சாரை அடுத்த பிரிக்பீல்ட்ஸில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரயில்வே ஊழியர்களுக்கும் அரசாங்க உத்தியோகஸ்தர்களுக்குமாக எழுந்து, சமீப காலத்தில் இடிக்கப்பட்ட நூறு குவார்ட்டர்ஸும் தொடர் வீடுகளே. லயம், குவார்ட்டர்ஸ், டெரஸ் மூன்றும் கட்டட லட்சணத்தில் ஒரே ஜாதி என்பதே இக்கட்டுரையாளரின் அபிப்பிராயம். பேதம் பாத்தியதையில்தான். தோட்டத்தில் பேர் வெட்டினால் லயம் போயிற்று. பென்ஷன் வந்தால் குவார்ட்டர்ஸ் போயிற்று. டெரஸ் ஒன்றே வேலை போனாலும் பிள்ளைக்கு நிற்பது. பங்சாரில் அதன் விலை இன்று பத்து லட்சம் மலேசிய வெள்ளிக்கு மேல்.

அடுக்கு வீடுகளுக்கு வந்தால், மலேசிய வழக்கு ஏணிப்படி போன்றது. கீழ்ப்படியில் பிளாட், நடுவில் அபார்ட்மெண்ட், உச்சியில், நீச்சல் குளமும் வாசலில் ஜாகா என்னும் காவலாளும் உள்ள கொண்டோமினியம். சென்னையில் பல கோடி ரூபாய் வீட்டையும் பிளாட் என்றே கூசாமல் சொல்வதால், அங்கிருந்து வருபவர் பங்சாரில் அச்சொல்லைச் சொல்லும்போது, கேட்பவர் மனத்தில் லிப்ட் இல்லாத மலிவு விலை வீடு தோன்றுகிறது. மலாயில் பிளாட்டுக்கு ரூமா பங்சா என்று பெயர். பங்சா என்பது டுரியான் பழத்தின் உள்ளறை. சுளை சுளையாக அடைந்திருக்கும் வீடுகளுக்கு இதைவிடப் பொருத்தமான உவமை கிடைப்பது அரிது. அதனோடு வடமொழிப் புரியைச் சேர்த்துப் பங்சாபுரி என்றதும் அது அபார்ட்மெண்டாக உயர்ந்துவிடுகிறது.

கோலாலம்பூரின் அம்பாங்கிலும் மொண்ட் கியாராவிலும் வசிக்கும் கொரியருக்கு இந்த ஏணி தலைகீழ். அவர்கள் நாட்டில் அபாத்து என்பது ஐந்து மாடிக்குக் குறையாத அடுக்ககம். 1962இல் சியோலின் மாபோவில் எழுந்த குடியிருப்புக்குப் பின்னர் அதுவே நடுத்தர வர்க்கத்தின் லட்சியமாயிற்று. பில்லா என்று அவர்கள் சொல்வது, வில்லா என்ற பெயர் நமக்கு நினைவூட்டும் மாளிகையன்று; நான்கு மாடிக்கு மேற்படாத, அபாத்துவைவிட ஒரு படி தாழ்ந்த அடுக்கு வீடு. கொந்தோ என்பதோ கடற்கரையிலோ பனிச்சறுக்கு மலையிலோ விடுமுறைக்குத் தங்கும் விடுதி; ஆகவே கொண்டோவில் குடியிருக்கிறேன் என்று பங்சாரிலிருந்து எழுதும் கொரியர், வருஷம் முழுவதும் உல்லாசப் பயணத்தில் இருப்பதாக உறவினரை எண்ணச் செய்வார்.

மேன்ஷன் என்ற சொல்லின் வீழ்ச்சி இன்னும் விநோதமானது. ஆங்கிலத்தில் பிரபுவின் மாளிகை. கொரியாவில் சாதாரண அடுக்ககம். சென்னைத் திருவல்லிக்கேணியில் பிரமசாரிகள் கட்டிலுக்குக் கட்டில் வாடகை கொடுத்துத் தங்கும் அறைகளின் தொகுதி. கோலாலம்பூரின் சுங்கை பெசியிலோ, 1960களில் ஏழைகளுக்கெனக் கட்டப்பட்ட அடுக்ககத்துக்கு இடப்பட்ட பெயர் ரசாக் மேன்ஷன்.

வாடகை வியவகாரத்தில் ஆங்கிலம் தடுமாறித் தமிழ் கைகொடுக்கும் இடம் ஒன்றுண்டு. வீட்டு விலையில் பெரும்பாலும் பாதிக்கு மேற்பட்ட தொகையை ஒரே தவணையில் சொந்தக்காரரிடம் கொடுத்து, மாத வாடகையின்றி வழக்கமாக இரண்டு வருஷம் குடியிருந்து, போகும்போது முழுப் பணத்தையும் திரும்பப் பெறும் கொரியச் சம்பிரதாயத்துக்கு ஜொன்சே என்று பெயர். ஆங்கிலத்தில் இதை விளக்க ஒரு பத்தி வேண்டும். மதுரைக்காரருக்கு ஒத்தி என்ற ஒரே சொல் போதும். சென்னையில் இதையே லீஸ் என்கிறார்கள். ஆனால் பங்சாரில் லீஸ்ஹோல்ட் என்றால், மண் அரசாங்கத்துக்குரியது, வாங்கியவருக்குப் பொதுவாக 99 வருஷப் பாத்தியதை என்று அர்த்தம். ஒத்திப் பணத்தைப் பற்றி அங்கே பேச்சே எழாது.

விற்பனை விளம்பரம் எவ்வளவு கனமான பெயரைச் சூட்டினாலும், அடுக்கு வீடுகளுக்குத் தனித்தனிப் பட்டா வழங்கும் மலேசியாவின் 1985ஆம் வருஷத்து ஸ்டிராட்டா பட்டாச் சட்டம் அபார்ட்மெண்ட் என்றோ கொண்டோமினியம் என்றோ பேதம் பாராட்டுவதில்லை. பட்டாவில் எல்லாமே பெத்தாக். வயலில் வரப்புக்குள் அடங்கிய பாத்திக்கும், கார் நிறுத்தக் கோடு போட்ட கட்டத்துக்கும் மலாயில் அதே சொல்தான்.