இரட்டைப் பத்து நாள்: சிங்கப்பூர், மலாயா சீன வணிகர்களும் தாய்நாட்டின் தேசிய தினமும்

இரட்டைப் பத்து நாள் என்பது சீனக் குடியரசின் தேசிய தினமாகும். ஆண்டின் பத்தாம் மாதம் பத்தாம் நாளில் வருவதால் இப்பெயர் பெற்றது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் சிங்கப்பூரிலும் மலாயாவிலும் வாழ்ந்த சீன வணிகர்கள் இந்நாளைப் பெருவிழாவாகக் கொண்டாடினர். கடல் கடந்து வந்து பொருளீட்டிய ஒரு சமூகம் எந்த நாட்டுக்கு உரியது என்ற கேள்வி ஆண்டுதோறும் பொதுவெளியில் எழுந்த நாளாகவும் இது இருந்தது. அக்கேள்விக்கு அளித்த விடைக்காக அவ்வணிகர்கள் பணம், உயிர், குடியுரிமை என மூன்று வகையிலும் விலை கொடுக்க நேர்ந்தது.

பின்னணி

சீனாவின் தென்கடற்கரை மாநிலங்களான ஃபூச்சியன், குவாங்டொங் ஆகியவற்றிலிருந்து வந்தவர்களே தென்கிழக்காசியச் சீனர்களில் பெரும்பான்மையினர். ஹொக்கியன், தியோச்சியூ, கன்டனீஸ், ஹக்கா எனப் பேச்சுமொழியாலும் ஊராலும் பிரிந்திருந்த இவர்களுக்குத் தனித்தனிக் கோயில்களும் சங்கங்களும் இருந்தன. இப்பிரிவுகள் அனைத்தையும் ஒரே கூரையின்கீழ்க் கொண்டுவந்த முதன்மையான அமைப்பு 1906இல் தொடங்கப்பட்ட சிங்கப்பூர்ச் சீன வர்த்தக சபை ஆகும்.

அதே 1906இல் சுன் யாட்-சென்னின் புரட்சி இயக்கமான தோங்மெங்ஹுய் சிங்கப்பூரில் கிளை அமைத்தது. வணிகர் தியோ எங் ஹொக் வழங்கிய வான் சிங் யுவான் மாளிகை அதன் தலைமையிடமாயிற்று. 1909இல் சிங் அரசு குடியுரிமைச் சட்டம் ஒன்றை இயற்றியது. அதன்படி சீனத் தந்தைக்குப் பிறந்தவர் எங்கு பிறந்தாலும் சீனக் குடிமகனே. எனவே சிங்கப்பூரில் பிறந்த சீனர் ஒருவர் பிறந்த மண்ணால் பிரித்தானியக் குடிமகனாகவும், தந்தைவழியால் சீனக் குடிமகனாகவும் கருதப்பட்டார். பின்னாளைய சிக்கல்கள் பலவற்றுக்கும் இதுவே வேர்.

விழாவின் தோற்றம்

1911 அக்டோபர் 10 அன்று வூசாங் நகரில் படைவீரர்கள் கிளர்ந்தெழுந்தனர். சில மாதங்களில் சிங் அரச மரபு வீழ்ந்தது. குடியரசு அமைந்தபின் 1912இல் அந்நாள் தேசிய தினமாக அறிவிக்கப்பட்டது. புரட்சிக்கு நிதி அளித்தவர்களில் கடல்கடந்த வணிகர்கள் முக்கியமானவர்கள். ஆகவே இவ்விழாவைத் தங்கள் சொந்த வெற்றியாகவே அவர்கள் கருதினர்.

அந்நாளில் கடைவீடுகளில் சீனக் கொடி பறந்தது. சீனப் பள்ளிகளுக்கு விடுமுறை விடப்பட்டது. மாணவர் அணிவகுப்பும் விளக்கு ஊர்வலமும் நடைபெற்றன. சங்கங்களில் கூட்டமும் விருந்தும் நடந்தன. பிற நாள்களில் போட்டியாளர்களாக இருந்த வணிகர்கள் அன்று ஒரே மேடையில் அமர்ந்தனர்.

பிரித்தானிய ஆட்சி இதை ஐயத்துடன் நோக்கியது. 1927 மார்ச் 12 அன்று சுன் யாட்-சென் நினைவு நாள் ஊர்வலத்தினர்மீது கிரேத்தா ஆயரில் காவல்துறை துப்பாக்கிச் சூடு நடத்தியதில் உயிர்கள் பலியாயின. 1930இல் ஆளுநராக வந்த சிசில் கிளமென்டி குவோமின்தாங் கட்சியின் செயல்பாடுகளைத் தடுத்தார். வணிகர்கள் விழா எடுக்கலாம். கட்சி கட்டக்கூடாது என்பதே ஆட்சியின் நிலைப்பாடாக இருந்தது.

நிதி திரட்டலும் டான் கா கீயும்

இக்காலத்தின் முதன்மைத் தலைவர் டான் கா கீ (1874–1961). ஃபூச்சியனில் பிறந்து சிங்கப்பூரில் அன்னாசி, ரப்பர்த் தொழில்களில் செல்வம் ஈட்டியவர். 1921இல் சியாமென் பல்கலைக்கழகத்தை நிறுவினார். 1923இல் நன்யாங் சியாங் பாவ் நாளிதழைத் தொடங்கினார். 1928இல் ஜீனான் நகரில் ஜப்பானியப் படை சீனர்களைக் கொன்றபோது ஷான்டொங் நிவாரண நிதிக்குத் தலைமை தாங்கினார்.

1937இல் சீன-ஜப்பானியப் போர் மூண்டபின் நிதி திரட்டல் பேரியக்கமாயிற்று. 1938 அக்டோபர் 10 அன்று, தேசிய தினத்திலேயே, தென்கிழக்காசிய நாடுகளின் சீனப் பேராளர்கள் சிங்கப்பூரில் கூடி நன்யாங் சீன நிவாரண நிதிச் சம்மேளனத்தை அமைத்தனர். டான் கா கீ அதன் தலைவரானார். தொழில்வாரியாகவும் ஊர்வாரியாகவும் மாதச் சந்தா வசூலிக்கப்பட்டது. 1939இல் சுமார் 3,200 ஓட்டுநர்களும் பழுதுபார்ப்போரும் பர்மா சாலையில் பணிபுரியச் சென்றனர்.

இவ்வியக்கத்துக்குக் கடுமையான ஒரு முகமும் உண்டு. ஜப்பானியப் பொருள்களை விற்ற கடைக்காரர்கள் மிரட்டப்பட்டனர்; சிலரது கடைகளில் தார் பூசப்பட்டது. நன்கொடை என்ற பெயரில் தொடங்கியது பலருக்கு மறுக்க முடியாத கடமையாயிற்று.

போரின் விலை

1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் வீழ்ந்தது. சீனாவுக்கு நிதி அனுப்பியவர்களைப் பழிவாங்குவது ஜப்பானியப் படையின் நோக்கங்களுள் ஒன்று. அடுத்த வாரங்களில் நடந்த சூக் சிங் படுகொலையில் ஆயிரக்கணக்கான சீன ஆண்கள் கொல்லப்பட்டனர். மலாயா, சிங்கப்பூர்ச் சீனர்கள்மீது 5 கோடி டாலர் கட்டாயக் காணிக்கை விதிக்கப்பட்டது. வணிகர்களால் ஏறத்தாழ 2.8 கோடி டாலரையே திரட்ட முடிந்தது. எஞ்சிய தொகையை ஜப்பானிய வங்கி ஒன்றிலேயே கடன் வாங்கிச் செலுத்தினர். டான் கா கீ ஜாவாவில் தலைமறைவாக வாழ்ந்து உயிர் தப்பினார்.

இரண்டு தேசிய தினங்கள்

1940இல் சோங்சிங், யானான் ஆகிய இரு நகரங்களுக்கும் சென்று திரும்பிய டான் கா கீ, சியாங் கை-ஷெக் அரசின்மீது நம்பிக்கை இழந்திருந்தார். 1946இல் சியாங்குக்கு உதவி அளிப்பதை நிறுத்துமாறு அமெரிக்க அதிபர் ட்ரூமனுக்குத் தந்தி அனுப்பினார். இதனால் வணிகச் சமூகம் இரண்டாகப் பிளந்தது.

1949 அக்டோபர் 1 அன்று மக்கள் சீனக் குடியரசு அறிவிக்கப்பட்டது. அதன்பின் ஒன்பது நாள் இடைவெளியில் இரண்டு தேசிய தினங்களும் இரண்டு கொடிகளும் வந்தன. ஒரு வணிகர் எந்த நாளில் எந்தக் கொடியை ஏற்றுகிறார் என்பதே அவரது அரசியல் அறிவிப்பாயிற்று. அதே 1949இல் சிங்கப்பூரில் வெளிநாட்டுத் தேசியச் சின்னங்களைக் காட்சிப்படுத்துவதைக் கட்டுப்படுத்தும் சட்டம் வந்தது. டான் கா கீ 1950இல் சீனாவிலேயே குடியேறினார்.

கொடித் தகராறு பிற இடங்களிலும் வெடித்தது. ஹாங்காங்கில் 1956 அக்டோபர் 10 அன்று குடியிருப்பு ஒன்றில் ஒட்டப்பட்டிருந்த குவோமின்தாங் கொடிகள் அகற்றப்பட்டதால் மூண்ட கலவரத்தில் சுமார் 60 பேர் இறந்தனர். இந்தோனேசியாவில் அந்நியக் குடிமக்கள் கிராமப்புறங்களில் சில்லறை வணிகம் செய்வதை 1959ஆம் ஆண்டு அரசாணை தடை செய்தது. அடுத்த ஆண்டு சுமார் 1 லட்சம் சீனர்கள் சீனாவுக்குச் சென்றனர்.

குடியுரிமையும் புதிய தேசிய தினமும்

சிங்கப்பூர்ச் சீன வர்த்தக சபை வேறு வழியைத் தேர்ந்தது. வாழும் நாட்டிலேயே குடியுரிமை கோரி அது 1950களில் போராடியது. 1957ஆம் ஆண்டு குடியுரிமைச் சட்டத்தின் பயனாகச் சீனாவில் பிறந்த சுமார் 2,20,000 பேர் சிங்கப்பூர்க் குடிமக்களாகும் வாய்ப்புப் பெற்றனர். விசுவாசப் பிரமாணம் அதற்குரிய நிபந்தனைகளுள் ஒன்று. கேள்விக்கான விடை இப்போது கொடியில் அல்ல, கையொப்பத்தில் இருந்தது.

1966 ஆகஸ்ட் 9 அன்று சுதந்திரச் சிங்கப்பூர் தன் முதல் தேசிய தினத்தைக் கொண்டாடியது. அடுத்த ஆண்டு பிப்ரவரி 15 அன்று, ஜப்பானிய ஆட்சியில் இறந்த பொதுமக்களுக்கான நினைவுச்சின்னம் திறக்கப்பட்டது. முன்பு சீனாவின் போருக்கு நிதி திரட்டிய வர்த்தக சபையே இதற்கும் பொதுமக்களிடம் நிதி திரட்டியது. எனினும் அந்நினைவுச்சின்னம் சீனர்களுக்கு மட்டும் உரியதாக அமையவில்லை. அதன் நான்கு தூண்கள் சீனர், மலாய்க்காரர், இந்தியர், பிற இனத்தவர் ஆகியோரைக் குறித்து நிற்கின்றன.