நெஞ்சின் படபடப்பு

கேகாலை மாவட்டத்துக் கரவனெல்லப் பகுதியின் இறப்பர்த் தோட்டங்களில் பால் வெட்டுவோர் ஒருவருக்குத் திடீரென நெஞ்சு படபடத்து மூச்சுத் திணறினால், மாரடைப்பென்றே அஞ்சுவார். இருதயத்தில் பழுதில்லையென்று வைத்தியர் சோதித்துச் சொன்ன பின்னும் அச்சம் அகலாதிருக்கலாம். பதகளிப்பு நோயின் ஒரு வடிவம் இது. பிராய்ட் 1895 இலேயே இந்நோயை நரம்புத் தளர்ச்சியினின்றும் பிரித்துக் காட்டினார். ஆயினும், இலங்கையின் 1873 ஆம் ஆண்டுச் சட்டம் சித்தப்பிரமை கொண்டோரையே கருதியது. 1920களில் எழுந்த அங்கொடை வைத்தியசாலையின் பெயரோ ஏச்சுச் சொல்லாயிற்று. அதற்கு அஞ்சி நோயை மறைத்தோர் எத்தனை பேரோ! 2005 ஆம் ஆண்டு மனநலக் கொள்கை வைத்தியத்தை மாவட்டங்களுக்குக் கொண்டுவர முனைந்தது. இன்று பேச்சுவழிச் சிகிச்சையில், நோயாளி தாம் அஞ்சுவதைச் சிறிது சிறிதாக எதிர்கொள்ளப் பழகுகிறார். மருந்தும் உண்டு; அது பலனளிக்கச் சில வாரங்கள் செல்லும், வைத்தியரைக் கேளாது இடையில் நிறுத்தலாகாது.