கேபில்டு
கேபில்டு என்பது லினக்ஸ் கருனியையும் அதன் இயக்கி நிரற்கூறுகளையும் கட்டமைக்கப் பயன்படும் முறைமை ஆகும். இது குனூ மேக் நிரலைச் சார்ந்து இயங்குகிறது.

பின்னணி

2.4 பதிப்புக் காலத்தில், கருனிக்கு வெளியே எழுதப்படும் இயக்கியின் மேக்ஃபைலில் தலைப்புக் கோப்புகளின் இடம், தொகுப்பிக்கான தெரிவுகள் ஆகியவற்றை நிரலரே குறிப்பிடுவது வழக்கம். இவை கருனியின் அமைவுகளுடன் பொருந்தாவிடின், தரவுக் கட்டமைப்புகளின் அளவு மாறுபட்டுக் கணினியே நிலைகுலையக்கூடும்.

எளிமையாக்கம்

2003 டிசம்பரில் வெளியான 2.6 பதிப்பில் இச்சுமை நீங்கியது. ஒரே மூலக் கோப்பால் ஆன இயக்கிக்கு, 'ஓபிஜே-எம்' என்னும் மாறியில் அதன் பெயரைச் சேர்க்கும் ஒரு வரி போதுமானது. எஞ்சிய தெரிவுகளைக் கருனியின் மேக்ஃபைல்களே அளிக்கின்றன. மேக் கட்டளையின் 'சி' தெரிவு கருனியின் கோப்புறையையும், 'எம்' மாறி இயக்கியின் கோப்புறையையும் சுட்டும். இதன் விளைவாக 'கேஓ' என்னும் பின்னொட்டுடைய நிரற்கூறு கிடைக்கிறது. கருனி மூலத்தினுள் உள்ள இயக்கிக்கு 'ஓபிஜே-ஒய்' எனக் குறித்தால், அது தனி நிரற்கூறாக அன்றிக் கருனியுடனேயே இணைக்கப்படும்.